மார்பகப் புற்றுநோய்த் தரவிலிருந்து ஒரு மரபணு முத்திரை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஒரே அளவு, ஒரே நிலை, நிணநீர்க் கணுக்களில் பரவலும் இல்லை. அறிக்கையைப் பார்த்தால் இரண்டு மார்பகக் கட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று சில ஆண்டுகளில் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிடும். மற்றது திரும்பவே வராது. எந்தக் கட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான தடயத்தை, அதன் செல்களில் எந்த மரபணு எவ்வளவு ஆர்என்ஏ உருவாக்குகிறது என்ற அளவில் தேட உதவும் மரபணுத் தொகுப்புதான் மரபணு வெளிப்பாட்டு முத்திரை.

நெதர்லாந்து புற்றுநோய்க் கழகத்தினர் 2002இல் 70 மரபணுக்கள் கொண்ட முத்திரையை வெளியிட்டார்கள். இன்று அது மம்மாபிரின்ட் என்ற பரிசோதனையாக இருக்கிறது. 6,693 பெண்கள் பங்கேற்ற மைண்டாக்ட் ஆய்வில், வழக்கமான மருத்துவக் கணிப்பு அதிக ஆபத்து என்றும் முத்திரை குறைந்த ஆபத்து என்றும் சொன்ன ஒரு பிரிவினர் இருந்தார்கள். அவர்களில் கீமோதெரபி எடுக்காதவர்களில் 94.7 சதவீதம் பேர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் தொலைப்பரவல் (புற்றுநோய் உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது) இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். தேவையில்லாத கீமோவைத் தவிர்க்க உதவும் வேலை இது. அதனால்தான் அரைகுறையாகச் செய்யக் கூடாது.

நமக்குத் தேவை ஒரு சாதாரணக் கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி, அதில் உயிரியல் தரவுக்காக உள்ள பயோகண்டக்டர் தொகுப்புகள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"சிகிச்சை பலன் தருமா?" என்பதும் "நோய் எப்படிப் போகும்?" என்பதும் வேறு வேறு கேள்விகள். இங்கே நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு, அறுவைக்குப் பின் கீமோ, ஹார்மோன் மருந்து எதுவும் எடுக்காதவர்களின் தரவுதான் பொருத்தம். மருந்து எடுத்தவர்கள் கலந்திருந்தால், நாம் அளப்பது கட்டியின் இயல்பையா, மருந்தின் வேலையையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

படி 2: தரவை இறக்குங்கள்

பயிற்சிக்கு பயோகண்டக்டரில் உள்ள விடிஎக்ஸ் தொகுப்பை எடுக்கலாம், 344 நோயாளிகள். சோதனைக்கு டிரான்ஸ்பிக் தொகுப்பு, 198 நோயாளிகள். இரண்டுமே அஃபிமெட்ரிக்ஸ் யு133ஏ சிப்பில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்என்ஏவை ஒரே நேரத்தில் அளப்பது) அளக்கப்பட்டவை, நோயாளி விவரங்களும் சேர்ந்தே வரும். தொலைப்பரவல் வரையிலான காலம் நாளிலா மாதத்திலா என்று முதலில் பாருங்கள். பிறகு டிரான்ஸ்பிக்கை மூடி வையுங்கள். படி 6 வரை அதன் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

வெளிப்பாட்டு மதிப்புகளின் உச்சம் 15ஐ ஒட்டி இருந்தால் லாக் எடுத்தாயிற்று என்று பொருள். ஆயிரக்கணக்கில் போனால் அடிமானம் 2 வைத்து லாக் எடுங்கள். அடுத்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ள கட்டிகளை மட்டும் பிரித்தெடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கட்டிகளையும் கலந்து வைத்தால், மரபணு வெளிப்பாட்டில் மிகப் பெரிய வேறுபாடே அந்த ஏற்பி இருக்கிறதா இல்லையா என்பதுதான். நோயியல் கூடம் ஏற்கெனவே சொன்னதையே உங்கள் முத்திரையும் திருப்பிச் சொல்லும்.

படி 4: மரபணுக்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு அளவீட்டையும் தனித்தனியாக காக்ஸ் மாதிரியில் (ஒரு நிகழ்வு வரை ஆகும் காலம் எவற்றோடு தொடர்புடையது என்று பார்க்கும் புள்ளியியல் முறை) போட்டு, தொலைப்பரவலோடு தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிப்பில் 22,283 அளவீடுகள். எதற்குமே உண்மையான தொடர்பு இல்லாவிட்டாலும், பி-மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு தொடர்பு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.05 என்று எல்லை வைத்தால் சுமார் 1,100 அளவீடுகள் தற்செயலாகவே தேறிவிடும். ஆகவே இப்படித் தற்செயலாகத் தேறுபவற்றைக் கட்டுப்படுத்தும் பென்ஜமினி–ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பைப் பாருங்கள். முதல் முயற்சிக்கு மேலே வரும் 50 மரபணுக்கள் போதும்.

குறுக்குச் சரிபார்ப்பு (தரவைப் பகுதிகளாகப் பிரித்து, சுற்றுக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிப்பது) செய்வதென்றால், மரபணுத் தேர்வையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் செய்ய வேண்டும். முழுத் தரவில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பிரித்துச் சரிபார்ப்பது, வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்குச் சமம்.

படி 5: மதிப்பெண்ணாக்குங்கள்

ஒவ்வொரு மரபணுவின் மதிப்பிலிருந்தும் பயிற்சித் தரவின் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுங்கள். பரவலோடு சேர்ந்து கூடுவதற்குக் கூட்டல் குறி, குறைவதற்குக் கழித்தல் குறி. எல்லாவற்றின் சராசரிதான் நோயாளியின் மதிப்பெண். எளிய முறைதான், ஆனால் சிக்கலான முறைகளைவிடப் புதிய தரவில் இது அதிகம் தடுமாறாது என்பது என் கருத்து. பயிற்சித் தரவின் மதிப்பெண்களின் இடைநிலையை, அதிக ஆபத்தையும் குறைந்த ஆபத்தையும் பிரிக்கும் எல்லையாக வைத்து, அந்த எண்ணை இப்போதே எழுதி வையுங்கள்.

படி 6: மூடிய தரவைத் திறவுங்கள்

டிரான்ஸ்பிக்கிலும் ஏற்பி உள்ள கட்டிகளை மட்டும் எடுத்து அதே மரபணுக்கள், அதே குறிகள், அதே எல்லை. கப்லான்–மையர் வரைபடம் (காலம் செல்லச் செல்ல எத்தனை பேர் பரவலின்றி இருக்கிறார்கள் என்று காட்டுவது) வரையுங்கள். பிறகு வயது, கட்டி அளவு, தரநிலை (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது) ஆகியவற்றோடு சேர்த்து காக்ஸ் மாதிரியில் போடுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் விழுந்தால், ஆய்வகங்களுக்கிடையிலான அளவீட்டு வேறுபாடே காரணமாக இருக்கலாம். ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் மரபணுப் பரிசோதனையின் 21 மரபணுக்களில் 5, ஒப்பீட்டுக்காக மட்டுமே அளக்கப்படுகின்றன. காரணம் இதுதான். எல்லையை மட்டும் இப்போது நகர்த்தாதீர்கள்.

படி 7: தற்செயல் முத்திரைகளோடு மோதவிடுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. 2011இல் வெனே, டுமோன், டெட்டூர் ஆகியோர் வெளியான 47 மார்பகப் புற்றுநோய் முத்திரைகளை, அதே எண்ணிக்கையில் கண்மூடி எடுத்த மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். 28 முத்திரைகள் அவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. நூற்றுக்கு மேல் மரபணுக்கள் கொண்ட தற்செயல் தொகுப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் நோயின் போக்கோடு "தொடர்பு" காட்டின. செல் பெருக்கத்தின் வேகம் ஆயிரக்கணக்கான மரபணுக்களோடு பின்னிக் கிடக்கிறது. எதைத் தொட்டாலும் அந்த வேகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

நீங்களும் 50 மரபணுக்கள் கொண்ட தற்செயல் தொகுப்புகளை ஆயிரம் முறை எடுங்கள். குறியையும் மதிப்பெண்ணையும் அதே வழியில் பயிற்சித் தரவில் முடிவு செய்து, சோதனைத் தரவில் இடர் விகிதத்தை (ஒரு பிரிவினரின் பரவல் ஆபத்து மற்றவர்களுடையதைப் போல் எத்தனை மடங்கு என்பது) கணக்கிடுங்கள். அந்த ஆயிரத்தில் உங்கள் முத்திரை மேல் 5 சதவீதத்துக்குள் வரவில்லை என்றால், பி-மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை வெற்றியாக எழுதாதீர்கள்.

வந்துவிட்டாலும் இன்னொரு சோதனை பாக்கி. எம்கேஐ67, பிசிஎன்ஏ, ஏயுஆர்கேஏ போன்ற பெருக்க மரபணுக்களின் சராசரியைத் தனி மதிப்பெண்ணாக்கி, உங்கள் மதிப்பெண்ணோடு ஒரே காக்ஸ் மாதிரியில் சேருங்கள். உங்களுடையது வலுவிழந்தால், நீங்கள் அளந்தது பெரும்பாலும் பெருக்க வேகத்தைத்தான். அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள். கூடவே மரபணுப் பட்டியல், குறிகள், சராசரிகள், திட்டவிலக்கங்கள், எல்லை எண் ஐந்தையும் இணைத்துவிடுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும், வேறொருவர் தன் நோயாளிகளிடம் உங்கள் மதிப்பெண்ணைக் கணக்கிட முடியாது.