ஆற்காடும் ஆர்க்காடும்: பெயர்ப் பொருத்த அல்காரிதங்களை ஒப்பிடும் முறை

வேலூரைச் சுற்றிய ஊர்களில் நடந்த கண் பரிசோதனை முகாம்களின் பதிவேடுகளை ஒன்றாக்கும் வேலை என்னிடம் வந்தபோது, இராசேசுவரி, ராஜேஸ்வரி, ராஜேஷ்வரி என்று ஒரே அம்மாள் மூன்று பேராக நின்றார். அவருடைய ஊரும் ஒரு வரியில் குடியாத்தம், மறு வரியில் குடியேற்றம். இத்தகைய பட்டியலில் ஒரே ஆளின் பெயர்களைக் கண்டு இணைக்க எந்த அல்காரிதம், அதாவது கணினிக்கான படிமுறை, பொருந்தும் என்பதை ஒப்பிட்டுத் தேர்வதற்கு நான் கையாண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோதனைப் பட்டியல் ஒன்று வேண்டும். உங்கள் பதிவேட்டிலிருந்தே இருநூறு பெயர் இணைகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஒரே ஆளா, வேறு ஆளா என்று கையால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அல்காரிதங்களையும் இதே பட்டியலில் ஓட்டி, பிடிக்க வேண்டியவற்றில் எத்தனையைப் பிடித்தது, பிடித்தவற்றில் எத்தனை தவறு என்ற இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் குழைத்தால் குறை எந்தப் பக்கம் என்பது மறைந்துவிடும்.

அடுத்து யூனிகோடு இயல்பாக்கம், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறாகும். என்எஃப்சி என்ற இயல்பாக்க முறை இதைச் சரிசெய்யும். ஆனால் 'கௌரி' என்பதற்கு ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று எழுதியிருந்தால் அது சரிசெய்யாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். அந்த விதி, குறியேதும் ஏற்காத ளகரத்தை மட்டும் தொட வேண்டும். இல்லாவிட்டால் கெளுத்தி மீனும் உருமாறிவிடும்.

கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த திருத்தத் தொலைவு, ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை சேர்த்தல், நீக்கல், மாற்றல் தேவை என்று எண்ணுகிறது. எதை எண்ணுகிறது என்பதில்தான் தமிழுக்கு வில்லங்கம். பைத்தான் நிரல்மொழி யூனிகோடு குறியீடுகளை எண்ணும், அதாவது 'கா' என்பது ககரமும் துணைக்காலுமாக இரண்டு. அப்படி எண்ணினால் ஆற்காடு, ஆர்க்காடு இரண்டுக்கும் இடையே தொலைவு 3. குமார், குமரன் இரண்டுக்கும் 2. ஒரே ஊரைவிட இரண்டு வேறு ஆட்கள் நெருங்கி நிற்கிறார்கள்! கா, டு, ர் என்று முழு எழுத்தாகப் பிரித்து எண்ணினால் முதல் இணைக்கு 2, இரண்டாவதற்கு 3 என நிலைமை தலைகீழாகிறது. அல்காரிதத்தை மாற்றுவதற்கு முன் எண்ணும் அலகை மாற்றுங்கள்.

ஒலிப்படி பொருத்துவதற்குப் பலரும் முதலில் எடுப்பது 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ். அது முதலெழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்களை மூன்று இலக்கங்களாக்கும். ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலில் கந்தசாமியைக் கே-யில் தொடங்கினால் கே532, ஜி-யில் தொடங்கினால் ஜி532, இரண்டும் சேரா. தமிழ்ச்செல்வியின் ழகரத்துக்கு எல் இட்டால் டி542, இசட், ஹெச் இட்டால் டி524. 1990-இல் வந்த மெட்டாஃபோன் என்ற மற்றோர் ஒலிப்பொருத்த முறை நுட்பமானதே, எனினும் அதுவும் ஆங்கில உச்சரிப்பின் விதிகளையே நம்புகிறது.

ஆகவே நமக்கான ஒலித் திறவுகோலை, அதாவது ஒலி ஒத்த பெயர்களை ஒரே வடிவாக்கும் விதிகளை, நாமே எழுதிக்கொள்வது நல்லது. ற்ற என்பதைத் த்த ஆக்குங்கள். அதன் பிறகே றகரத்தை ரகரமாக்க வேண்டும், வரிசை மாறினால் குடியேற்றம் கெடும். ன, ண இரண்டையும் ஒன்றாக்குங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள். ஜ, ஷ, ஸ ஆகியவற்றைச் சகரமாக்கி, ரகரத்துக்கு முன் வரும் இகரத்தைச் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் நீக்கி, ர், ய் போன்ற மெய்யை அடுத்து வரும் வல்லொற்றை விட்டுவிடுங்கள். இப்போது ஆற்காடும் ஆர்க்காடும் ஒன்றாகின்றன. இராசேசுவரிக்கும் ராஜேஸ்வரிக்கும் இடையே 3 ஆக இருந்த தொலைவு 1 ஆகிறது.

இந்தக் குழைப்புக்கும் விலை உண்டு. ஆற்காட்டை ஒட்டிய மேல்விஷாரமும் கீழ்விஷாரமும் வேறு வேறு ஊர்கள். ல, ழ ஒன்றானதும் அவற்றின் தொலைவு 2 எழுத்திலிருந்து 1 ஆகிவிடுகிறது. இரண்டு சொற்களின் ஒற்றுமைக்கு மதிப்பெண் தரும் ஜாரோ-விங்க்ளர் முறையில் வேறொரு சிக்கல்: தொடக்கம் ஒத்திருந்தால் அது நான்கு எழுத்து வரை கூடுதல் மதிப்பெண் தரும், 'மேல்' என்பது யூனிகோட்டில் சரியாக நான்கு குறியீடு. மேல்விஷாரத்துக்கும் மேல்பாடிக்கும் அந்தச் சலுகை முழுமையாகக் கிடைக்கிறது. ஊர்ப் பெயர்களுக்கு நான் எந்த அல்காரிதத்தையும் பயன்படுத்துவதில்லை; ஊருக்கு ஒரு வரியாக மாற்று எழுத்துகளைச் சேர்த்த அட்டவணையே போதும். ஊர்களின் எண்ணிக்கை அடங்கக்கூடியது. ஆட்பெயர்களின் எண்ணிக்கை அப்படியல்ல.

ஆட்பெயர்களுக்குத் திறவுகோல் ஒத்தவற்றை முதலில் குழுவாக்கி, எஞ்சியவற்றை முழு எழுத்துத் தொலைவால் ஒப்பிட்டதே என் சோதனைப் பட்டியலில் குறைந்த தவறுகளோடு வந்தது. தலைப்பெழுத்தைத் தனிக் கட்டத்தில் பிரித்து வையுங்கள். சிலர் அதை முன்னாலும் சிலர் பின்னாலும் எழுதுவார்கள். மணி, மதி போன்ற குறும்பெயர்களில் ஓரெழுத்து வேறுபாடே ஆளை மாற்றிவிடும் என்பதால், நான்கு எழுத்துக்குக் குறைந்த பெயர்களைக் கணினி தானாக இணைக்க விடாமல், வயதையும் தலைப்பெழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒருவர் பார்த்து முடிவு செய்யுமாறு ஒதுக்கிவிடுங்கள்.