சாகாத ஆடும் பள்ளிச்சந்தமும்: கோயில் கல்வெட்டு வாசிக்கையில் சறுக்கும் இடங்கள்

எங்கட மட்டக்களப்புப் பக்கம் ‘கல்வெட்டு’ என்ற சொல்லே முதல் சறுக்கல். 31ஆம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகமும் கல்வெட்டு, கோயில் உரிமை சொல்லும் ஏட்டுப் பாட்டும் கல்வெட்டு. ஏட்டில் உள்ளதைக் கல்லில் உள்ளதாக எழுதிவிடுகிறார்கள்.

சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது ‘சாவா மூவாப் பேராடு’. இதை வாசித்துக் காட்டியபோது ஒரு பெரியவர், “என்ன மனே, சாகாத ஆடும் இருந்ததா?” என்றார். நல்ல கேள்விதான். சாகாததும் மூப்படையாததும் ஆடல்ல, கணக்கு. கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு விடுவார்கள். ஏற்றுக்கொண்ட இடையர் நாளுக்கு உழக்கு என்ற அளவு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியும், குட்டி அந்த இடத்துக்கு வரும், தொகை குறையக் கூடாது. வங்கியில் போட்ட நிலையான வைப்பு மாதிரி: முதல் கிடக்கும், வட்டி நெய்யாக வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆட்டுக்கு 48 பசு அல்லது 16 எருமை ஈடு. நேர்த்திக்கு விட்ட கிடாய் என்று நினைத்து எழுதினால் தானத்தையே வெட்டிப் போட்டதாகும்.

‘பள்ளிச்சந்தம்’ என்றதும் எங்கள் ஊர்களில் பள்ளிவாசல்தான் நினைவுக்கு வரும். அது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு, அதாவது துறவிகளின் மடங்களுக்கு, விட்ட நிலம். திருகோணமலை வெல்கம் விகாரைக்கும் தமிழ்க் கல்வெட்டில் பெயர் இராசராசப் பெரும்பள்ளி.

‘யாண்டு 10’ என்பது ஆட்சியேறிய பத்தாம் ஆண்டு. எந்த அரசன் என்று தெரியாமல் கி.பி. போட முடியாது. அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில், தம்பிலுவில் ஊர்ப்பக்கத்துக் கல்வெட்டில் ஸ்ரீ சங்கபோதி விஜயபாகு தேவரின் 10ஆம் ஆண்டு வருகிறது. சங்கபோதி பட்டப்பெயர், சோழருக்குப் பரகேசரி, இராசகேசரி போல. விஜயபாகு என்ற பெயரிலோ பொலன்னறுவையிலும் அரசர், பிற்காலக் கோட்டை இராச்சியத்திலும் அரசர். எழுத்தின் வடிவைப் பாராமல், 1070இல் சோழரை வெளியேற்றிய விஜயபாகுவின் தலையில் கட்டினால் நாலு நூற்றாண்டு பிசகலாம்.

எனக்கு வயிறெரிந்தது வேறொன்றால். ஒரு கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு எழுத்துக் குழிக்குள் எனாமல் பெயின்ற் அடித்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது; பெயின்ற்காரர் இரக்கப்பட்டு மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்துவிட்டார்! தேய்ந்து போன இடத்தில் அவருக்குத் தோன்றியதே எழுத்து. கம்பித் தூரிகையும் அமிலமும் இதைவிட மோசம்.

இருட்டியதும் ரோச் லைற்றைக் கல்லோடு ஒட்டிச் சரித்துப் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழும், பகலில் தெரியாத கொம்பும் காலும் தெரியும்.