மூக்கு லாரிக்கு பட்டை மாத்தப் போறீங்களா? மொதல்ல ஷேக்கிள் பின்ன பாருங்க

எங்க வீட்டு கொல்லையில நிக்கிறது அப்பா காலத்து 1210 லாரி, எஞ்சின் முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கிற மூக்கு வச்ச வண்டி. 1954-ல டாடாவோட டெல்கோ கம்பெனியும் ஜெர்மனி டைம்லர் பென்ஸும் கூட்டு சேந்து ஜாம்ஷெட்பூர்ல லாரி கட்ட ஆரம்பிச்சாங்க, 1969-ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் மூக்குல இருந்த நட்சத்திரம் போயி டாடாவோட டி எழுத்து வந்துச்சு. அந்த ஜாதி வண்டிய வச்சிருக்கவங்களுக்குத் தான் இத எழுதுறேன், ஆனா லேலண்டு பெட்ஃபோர்டு எதுவா இருந்தாலும் வேலை ஏறக்குறைய இதே தான்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. பட்டைன்னா ஆக்சில் மேல பாரம் தாங்குற ஸ்பிரிங் தகடு அடுக்கு, ஒவ்வொரு தகடும் ஒரு லீஃப். அத மாத்துறது அரை நாள் வேலை, பட்டை நுனிய சேசிஸோட சேத்து ஆட விடுற ஷேக்கிளோட பின்ன கழட்டுறது ஒரு நாள் ஆனாலும் ஆகும். பட்டை புதுசு போட்டு பின்னையும் அது உள்ள போற புஷ்ஷையும் பழசாவே விட்டவங்க ஆறு மாசத்துல திரும்ப ஜாக்கி போட்டிருக்காங்க, நானும் அதுல ஒருத்தன்.

பட்டை போயிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? ரைஸ் மில்லு சிமெண்டு களம் மாதிரி மட்டமான எடத்துல லோடு இல்லாம நிறுத்தி, நாலு பக்கமும் காத்து சரியா வச்சு, தரையிலேர்ந்து சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், அது வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் புடிங்க. ஒரு பக்கம் நல்லாவே எறங்கி இருந்துச்சுன்னா அந்தப் பக்கம் பட்டை உக்காந்துடுச்சு. மெயின் பட்டையோட நுனியில பின்னு போற வளையத்த தான் கண்ணும்போம், அப்பறம் ஒரு கண்ணுலேர்ந்து மறு கண்ணுக்கு நூல் புடிச்சு, நடுவுல மெயின் பட்டை எவ்ளோ வளைஞ்சிருக்குன்னு அளந்து மறு பக்கத்தோட ஒப்பிட்டு பாருங்க. டார்ச் அடிச்சு ஒவ்வொரு லீஃபா பாக்கணும், விரிசல் விட்ட எடத்துல துரு கோடு மாதிரி ஒழுகி இருக்கும், பெரும்பாலும் லீஃபெல்லாத்தையும் நடுவுல கோத்து புடிக்கிற சென்டர் போல்ட் ஓட்டை கிட்ட தான் ஒடையும். வேதாரண்யத்துலேர்ந்து உப்பு லோடு அடிச்ச வண்டின்னா கேக்கவே வேணாம், லீஃபுக்கும் லீஃபுக்கும் நடுவுல துரு ஏறி உப்பி, பட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஆடவே ஆடாது.

ஒடைஞ்ச ஒத்த லீஃப மட்டும் மாத்திக்கலாமேன்னு தோணும். அவசரத்துக்கு செய்யலாம், ஆனா புது லீஃப் வெறப்பா நிக்கும், பழசு தளர்ந்து கெடக்கும், பாரம் முழுக்க புதுசு மேல ஏறி அதுவும் போயிடும். மாத்தினா எடது வலது ரெண்டு செட்டும் சேத்து மாத்துங்க. பட்டைக்கடையில பழசையே அடிச்சு வளைவு ஏத்தி தரேம்பாங்க, வெறும் சம்மட்டி அடியில ஏத்துன வளைவு நெல்லு சீசன் ஒண்ணு தாங்குனா பெருசு. அடிச்சதுக்கு அப்பறம் உலையில வச்சு டெம்பர், அதாவது உருக்கோட உறுதி, புடிச்சு தருவாங்களான்னு கேளுங்க, இல்லன்னா புதுசே வாங்கிடுங்க.

இப்ப எடம். நம்ம காவிரி டெல்டா களிமண்ண நம்பி ஜாக்கி போடாதீங்க. காஞ்ச மாதிரி தெரியும், அடியில ஈரம் இருக்கும், வண்டி ஏறுறதுக்கு பதிலா ஜாக்கி கீழ எறங்கும், அதுவும் நேரா எறங்காம சாஞ்சுக்கிட்டு எறங்கும். அதனால சித்திரை வைகாசியில, வழக்கமா ஜூன் 12 மேட்டூர் அணை தொறந்து வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்கு முன்னாடி இந்த வேலைய வச்சுக்கங்க, அப்பவும் ஜாக்கிக்கு அடியில கனமான பலகையோ இரும்பு தகடோ போட்டே ஆகணும். எந்தப் பக்கம் தூக்குறீங்களோ அதுக்கு எதிர்ப்பக்க சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை முட்டு குடுங்க. தூக்க வேண்டியது சேசிஸ, ஆக்சில இல்ல. சேசிஸுக்கு அடியில ஸ்டாண்டோ நல்ல மரக்கட்டை அடுக்கோ குடுத்து எறக்குங்க, செங்கல் அடுக்கு மட்டும் வேணாம், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். ஆக்சிலுக்கு தனியா இன்னொரு ஜாக்கி, அத ஏத்தி எறக்கி தான் பட்டைய பொருத்தப் போறோம்.

பட்டைய ஆக்சிலோட சேத்து கட்டுற யூ போல்ட் நட்டு துருப்புடிச்சு இறுகி இருக்கும். மொத நாள் சாயங்காலமே டீசல் ஊத்தி வச்சா காலையில பாதி வழிக்கு வரும். வரலன்னா கேஸ் கட்டிங் பண்ணலாம், எப்படியும் பழைய யூ போல்ட்ட திரும்ப போடப் போறது இல்ல, ஆனா டீசல் ஊத்துன எடத்துல நெருப்பு காட்டாதீங்க, பட்டை மேலயும் படக்கூடாது, சூடு ஏறுனா டெம்பர் போயிடும், அந்த எடத்துல தான் அப்பறம் ஒடையும். வெல்டிங்கும் அப்படித் தான், பட்டையில ஒரு பொட்டு கூட வைக்க விடாதீங்க.

இனி பின்னு. சில வண்டியில பின்னு நகராம இருக்க சேசிஸ்ல பின்ன தாங்குற ஹேங்கர்ல குறுக்க ஒரு லாக் போல்ட் இருக்கும், அழுக்குல மூடி கண்ணுக்கே தெரியாது. அத எடுக்காம சம்மட்டியால சாத்தி ஹேங்கரையே ஒடைச்சவங்கள பாத்திருக்கேன். பழைய வண்டிக்கு ஹேங்கர் தேடி அலையுறது இருக்கே, பொண்ணு தேடுறத விட கஷ்டம். சுத்தமா சொரண்டி, லாக்க எடுத்துட்டு, பின்னோட வாய் விரியாம இருக்க பித்தளை துண்டு வச்சு அடிங்க.

செட்டு மொத்தமா வெளிய வந்ததும், சென்டர் போல்ட்ட தொடுறதுக்கு முன்னாடி சி கிளாம்ப் ரெண்டு போட்டு இறுக்கிடுங்க. லீஃபெல்லாம் அமுங்கி நிக்குது, போல்ட் விட்டதும் பிச்சுக்கிட்டு வந்து மொகத்துல அடிக்கும். புது செட்டு ரெடியா கட்டி வந்திருந்தா பழச பிரிக்கவே வேணாம். நீங்களே கட்டுறதா இருந்தா ஒவ்வொரு லீஃபுக்கும் நடுவுல கிராஃபைட் கிரீஸ் தடவுங்க.

புஷ்ஷ கண்ணுல அடிச்சு எறக்காதீங்க, நீள போல்ட்டும் வாஷரும் வச்சு இழுத்து எறக்குங்க. கன்மெட்டல் புஷ்ஷா இருந்தா எறங்குனதுக்கு அப்பறம் ஓட்டைய அளவுக்கு சொரண்டுற ரீமர் போட்டுத் தான் ஆகணும். பின்னு கை அழுத்தத்துல ஆட்டம் இல்லாம உள்ள போகணும், அது தான் கணக்கு. பின்னுல கிரீஸ் ஓட்டை அடைஞ்சிருக்கான்னு கம்பி விட்டு பாத்துட்டு, கிரீஸ் கன்னு வச்சு அடிச்சு கிரீஸ் வெளிய வர்றத கண்ணால பாத்த பிறகு மாட்டுங்க.

மாட்டும்போது மொதல்ல ஷேக்கிள் இல்லாத பக்கம், அப்பறம் ஷேக்கிள் பக்கம். பின் பட்டை செட்டு ரெண்டு ஆள் தூக்குற கனம், தனியா மல்லுக்கட்டாதீங்க. ஆக்சில் ஜாக்கிய மெதுவா ஏத்தி சென்டர் போல்ட் தலை ஆக்சில் சீட்டு குழியில உக்காருதான்னு விரல் விட்டு தடவாம டார்ச் அடிச்சு பாருங்க, விரல் போனா போனது தான். முன் ஆக்சில்ல ஆப்பு தகடு இருந்தா எந்தப் பக்கம் தடிமனா இருந்துச்சோ அதே பக்கம் வைக்கணும், திருப்பி வச்சா ஸ்டியரிங் ஒரு மாதிரி இழுக்கும்.

யூ போல்ட் நாலு நட்டையும் எதிரும் புதிருமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, போல்ட்டு மரை எல்லாத்துலயும் ஒரே அளவு வெளிய நிக்கணும். கடைசி இறுக்கு சக்கரம் தரையில நின்னு பாரம் ஏறுனதுக்கு அப்பறம். பிரேக் ஹோஸ் எங்கயும் இழுபடுதான்னு ஒரு பார்வை.

ஏன் யூ போல்ட்ட இவ்ளோ சொல்றேன்னா, ஒரு தடவ வெளிப்பட்டறையில குடுத்தப்ப பழசையே மாட்டி அனுப்பிட்டாங்க. நெல் கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை 200, அதாவது 8 டன் ஏத்திக்கிட்டு நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல தண்டவாளம் ஏறி எறங்குனப்போ டொக்குன்னு ஒரு சத்தம். யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் ஒரு பக்கம் பின்னாடி நகந்துடுச்சு, வண்டி வயல் நண்டு மாதிரி கோணிக்கிட்டே போவுது, பின்னாடி ஹாரன் வேற.

அதனால நட்டு மேல பெயிண்டால ஒரு கோடு போட்டு வைங்க, மொத லோடு அடிச்சு எறக்குன அன்னிக்கே திரும்ப இறுக்குங்க, ஒரு 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவ. பழைய பட்டைய எடைக்கு போட்டுடாதீங்க, கொல்லப்பட்டறையில குடுத்தா அருவா அடிச்சு தருவாங்க. எங்க மெயின் லீஃபுல மூணு அருவா வந்துச்சு, ஒண்ண மாமா கேட்டு வாங்கிட்டு போனவரு இன்னும் திருப்பித் தரல.