தவணைத் திட்டம் நடக்கும்போதே வழக்கு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடன் ஆலோசனை அமைப்பின் வழியாகப் பல கடன்களையும் ஒன்றாகச் சேர்த்து மாதாமாதம் ஒரு தொகையைக் கட்டிவரும் ஒருவர், அவற்றுள் ஒரு கடனுக்காகத் தம்மீது வழக்குப் போடப்பட்டிருப்பதை அறிந்தால், "ஒழுங்காகத்தானே கட்டிவருகிறேன், இது தவறுதலாக வந்திருக்கும்" என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த எண்ணத்தில் சம்மனை ஓரமாக வைத்துவிடுவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் வேறில்லை.

இத்தகைய திட்டம் பெரும்பாலும் தனிப்பட்ட ஏற்பாடுதான். தவணை தவறாதவரை வழக்குத் தொடர மாட்டேன் என்று கடன் கொடுத்தவர் எழுத்தில் உறுதியளித்திருந்தால் ஒழிய, அது அவரைக் கட்டுப்படுத்தாது. திவால் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அளிக்கும் பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணிப் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நீங்கள் தவணை கட்டிவருவது, நீங்களே எடுத்துச் சொல்லாதவரை நீதிமன்றத்துக்குத் தெரியாது. சம்மன் கிடைத்தபின் பதில் தாக்கல் செய்வதற்கான அவகாசமோ குறைவு: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பொதுவாக 21 நாள், இங்கிலாந்தில் 14 நாள் (வழக்கு விவரம் கிடைத்ததை அதற்குள் முறைப்படி ஒப்புக்கொண்டால் 28 நாள்), இந்தியாவில் வழக்கமான உரிமையியல் வழக்குகளில் 30 நாள். இந்தியாவில் சுருக்கமுறை வழக்காக (எழுத்துவழி ஒப்பந்தக் கடன் போன்றவற்றை விரைவாக முடிப்பதற்கான வழக்கு) இருந்தால் முன்னிலையாவதற்கே, அதாவது வழக்கில் பங்கேற்பதாக நீதிமன்றத்தில் பதிவு செய்வதற்கே, 10 நாள்தான். கெடுவைத் தவறவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடக்கூடும். பிறகு சம்பளத்தின்மீதே பற்றுகை (நீதிமன்ற ஆணைப்படி பிடித்தம்) வரக்கூடும். அமெரிக்காவில் சாதாரணக் கடனுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் 25 விழுக்காடு வரை பிடிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம்தருகிறது. அவ்வளவு போய்விட்டால் மற்றக் கடன்களின் தவணை நின்று, திட்டமே குலைந்துபோகும்.

சம்மனை ஆலோசகரிடம் கொடுத்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதும் தவறு. அவருக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். ஆனால் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்யவேண்டியவர் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொலைபேசியில் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சொன்னாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேட்கப்பட்ட தொகையைச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்வது இன்னொரு தவறு. இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து 18 தவணை போயிருக்க, வழக்குரையில் (வழக்குப் போட்டவர் தாக்கல் செய்த மனுவில்) 15 மட்டும் வரவு வைக்கப்பட்டிருக்கலாம். 5-ஆம் தேதி உங்களிடம் பிடித்த பணம் ஆலோசனை அமைப்பிலிருந்து 20-ஆம் தேதிதான் போய்ச்சேர்ந்து, மாதந்தோறும் தாமதக் கட்டணம் ஏறியிருக்கலாம். கடன் வேறொரு வசூல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால் பழைய வரவுகள் அவர்களுடைய கணக்கிலேயே இல்லாமல் போயிருக்கலாம். வங்கி அறிக்கை, அமைப்பின் ரசீது, வழக்குரையோடு வந்த கணக்கு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, எந்தத் தொகையை மறுக்கிறீர்கள் என்பதை எதிருரையில் குறிப்பாக எழுதுங்கள்.

வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பையும் பாருங்கள். சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. வரம்பு முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதால், திட்டத்தில் சேர்ந்தபோது எதில் கையெழுத்திட்டீர்கள் என்று தேடிப் பார்ப்பது அவசியம்.

பதற்றத்தில் கடன் கொடுத்த மற்றவர்களுக்கான தவணையை நிறுத்தி, வழக்குப் போட்டவருக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வழக்குக்கு அதுவே வழிவிடும். சமரசமாகப் போவதென்றால் வட்டி நிற்குமா, ஒரு தவணை தவறினால் முழுத்தொகையும் உடனே கேட்கப்படுமா என்பவற்றை எழுத்தில் வாங்கி, நீதிமன்றத்தில் பதிவுசெய்த பின்னரே பணம் கட்டுங்கள்.

ஒருதலைப்பட்சமான தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாலும் அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். இந்தியாவில் அதற்குத் தீர்ப்பாணையின் (தீர்ப்பின்படி பிறப்பிக்கப்படும் ஆணையின்) தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாக உங்களிடம் சேர்ப்பிக்கப்படவில்லையென்றால், தீர்ப்பாணையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.