எல்லை மூடினாலும் லாட்ஜ் மூடாமல் இருக்க

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில், பாபு ராவ் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ஒன்பது ரூம் இருக்கிறது. மாமனார் கட்டியது. கணவர் போனபிறகு பதினோரு வருடமாக நான்தான் பார்க்கிறேன். நாள் வாடகை 600 ரூபாய். அடுப்பும் பாத்திரமும் வேண்டுமென்றால் அதற்குத் தனி வாடகை. இங்கே வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்க வருவதில்லை, பழைய ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்பாடியில் இறங்குகிறவர்கள். அவர்களும் அரசாங்கக் கணக்கில் சுற்றுலாப் பயணிகள்தான் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 2024-இல் வைத்தியத்துக்காக இந்தியா வந்த வெளிநாட்டினர் சுமார் 6.44 லட்சம் பேர். அதில் 4.82 லட்சம் பேர் வங்கதேசத்தவர்.

அந்த வருடம் ஆகஸ்ட் 5-ஆம் தேதி டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. அங்கிருந்த இந்திய விசா மையங்களை மூடினார்கள். பிறகு அவசர வைத்தியம், படிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். டாக்கா–கொல்கத்தா மைத்ரீ ரயில் ஜூலையிலேயே நின்றிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் என்னிடம் ஆறு ரூமில் வங்கதேசக் குடும்பங்கள். மாதக் கடைசியில் ஒரே ஒரு ரூம். கடுகு எண்ணெய் விற்கும் எதிர்க்கடைக்காரர், "என்னக்கா, உங்க தெருவுல மீன் வாசனையே இல்லையே" என்றார். சிரிக்க முடியவில்லை.

சின்ன லாட்ஜோ மெஸ்ஸோ நடத்துகிறவர்கள் இப்படி ஒரு நாள் வருவதற்கு முன்னாலேயே என்னென்ன செய்து வைக்கலாம் என்று, நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் ரிஜிஸ்டரை எடுங்கள். நான் வருடக்கணக்காக "ஊர்" என்ற கட்டத்தில் "பெங்கால்" என்று மட்டும் எழுதிவந்தேன். மேற்கு வங்கத்து மால்டாகாரரும் பெங்கால், வங்கதேசத்துக் குல்னாகாரரும் பெங்கால். பேசுவது ஒரே பாஷை, கேட்பதும் ஒரே மீன். ஆனால் ஒருவர் ஆதார் காட்டி ரயிலேறுகிறவர், இன்னொருவர் பெட்ராபோல் எல்லைச் சாவடியில் முத்திரை வாங்கி வருகிறவர். எல்லை மூடியபோது என் வருமானத்தில் எவ்வளவு போகும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இப்போது நாடு, மாநிலம், தங்கிய நாள் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே நாட்டிலிருந்து வந்தால், உங்கள் லாட்ஜின் சாவி வேறு யார் கையிலோ இருக்கிறது என்று அர்த்தம். வங்கியில் கடன் கேட்டுப் போனபோதும் இந்த மூன்று கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். வெளிநாட்டு பார்ட்டி வந்து 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் ஏற்ற வேண்டும். எங்கள் வாயில் அது சி ஃபார்ம். அதற்கு லாட்ஜ் பெயரில் ஒரு கணக்கு வேண்டும். மாவட்டத்தில் எஸ்.பி.தான் வெளிநாட்டினர் பதிவு அதிகாரி, அங்கே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம், வெளிநாட்டினர் புதுச்சட்டம் நடப்பில் இருக்கிறது. 1946-ஆம் வருடச் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு வந்தது. இதில் ஆஸ்பத்திரிக்கும் தகவல் தரும் கடமை உண்டு. ஆஸ்பத்திரி சொல்லிவிடும் என்று நீங்கள் சும்மா இருக்க முடியாது, இருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவு வண்டியில் இறங்கிவந்தவர் களைத்திருக்கிறாரே என்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என நினைப்போம். காலையில் அவர் ஐந்து மணிக்கே டோக்கனுக்குப் போய்விடுவார், பாஸ்போர்ட்டும் அவரோடு போய்விடும். ரூம் சாவியைக் கொடுக்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.

விசா பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள். மெடிக்கல் விசாவா, டூரிஸ்ட் விசாவா? ஒரு நோயாளிக்கு உதவியாளர் விசா இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆள் எந்த விசாவில் வந்தார் என்று கேளுங்கள். இ-மெடிக்கல் விசா என்றால் அறுபது நாள்தான். சாதாரண மெடிக்கல் விசாவில் 180 நாளுக்கு மேல் தங்கப்போகிறவர் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதையும் நீட்டிப்பையும் ஆன்லைனிலேயே செய்யலாம், சென்னை சாஸ்திரி பவனுக்கு ஓட வேண்டியதில்லை. கீமோ ஆறு சுற்று என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அன்றைக்கே காலண்டரை எடுத்து நாளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் நோயைத்தான் நினைப்பார்கள், தேதியை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் என் விதி: விசா கையில் வந்தபிறகுதான் அட்வான்ஸ். தேதி மாற்றினால் காசு பிடிப்பதில்லை. கொல்கத்தாவில் தெரிந்தவர் ஜிபே செய்வார் என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுகிறேன். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து வந்த நாலாயிரத்துக்காக என் கணக்கை இருபத்துமூன்று நாள் முடக்கிவிட்டார்கள். பால்காரருக்குக்கூடப் பணம் கொடுக்க முடியவில்லை.

சரி, அரசாங்கப் பணம். இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம், நானும் தடுமாறினேன். சுற்றுலாவுக்குக் கோடி கோடியாக ஒதுக்கீடு என்று பேப்பரில் படித்ததும் சுற்றுலா அலுவலகத்துக்குப் போய் நின்றேன். சுதேஷ் தர்ஷன், பிரசாத் போன்ற ஒன்றிய அரசுத் திட்டங்களின் பணம் இடத்துக்குப் போவது: கழிப்பறை, விளக்கு, நடைபாதை, வாகன நிறுத்தம். லாட்ஜ்காரி கைக்கு வராது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்பது ரூம்காரிக்குப் பணம் வரும் வாசல் சிறுதொழில் பக்கம் இருக்கிறது.

அந்த வாசலுக்குள் போக முதல் சீட்டு உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு. ஆதார், பான் இருந்தால் போதும், இலவசம். (நான் பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் அழுதேன். நீங்கள் அழாதீர்கள்.) அப்புறம் வங்கியில் தரும் முத்ரா சிறுதொழில் கடன், அடமானம் கிடையாது. சிசு என்ற பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. தருணை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்கும் முத்ரா என்று அறிவித்தார்கள். நானும் ஆசையாகப் போனேன். ஆனால் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே அங்கீகாரத்துக்கு உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், விடுவது ஆறு ரூமைத் தாண்டக் கூடாது. எனக்கு ஒன்பது. எதிர்வீட்டு அக்கா மாடியில் நாலு ரூம்தான், கீழே அவர்கள் குடும்பம். அவர்களுக்குப் பொருந்தியது. நான் சாதாரண முத்ராவில் கேட்டேன்.

மானியம் என்றால் பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் இருக்கிறது. சேவைத் தொழிலில் மொத்தச் செலவு 20 லட்சம் வரை, நகரத்தில் பெண்களுக்கு 25 சதவீதம் மானியம், கிராமத்தில் 35. விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையம். ஆனால் இந்த 25, 35 சதவீதம் புதுத் தொழிலுக்குத்தான், ஏற்கெனவே நடப்பதற்குக் கிடையாது. தங்கை மகள் மெஸ் ஆரம்பிக்கிறேன் என்றபோது அவள் பெயரில் போடச் சொன்னேன்.

என் முதல் முத்ரா விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கும். சொத்துவரி ரசீது இன்னும் மாமனார் பெயரில், அதுவும் குடியிருப்பு என்று. மாநகராட்சித் தொழில் உரிமமும் புதுப்பிக்கவில்லை. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், வணிகக் கட்டடம் என்று மாற்ற ஐந்து மாதம். ரூமெல்லாம் காலியாக இருந்த அந்த ஐந்து மாதம்தான் பணம் தேவைப்பட்ட மாதமும். ரூம் நிரம்பியிருக்கும்போதே இந்தக் காகிதங்களை முடித்துவிடுங்கள். அப்போது நேரம் இருக்காது என்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலைப் பிரித்துப் பாருங்கள், எது இல்லை என்பதாவது தெரியும்.

ஜி.எஸ்.டி. கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம், முன்பு 12. ஆனால் பெயின்ட், இன்வெர்ட்டருக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. வருட வசூல் 20 லட்சத்துக்குள் என்றால் பதிவே தேவையில்லை. ஒன்பது ரூம், 600 ரூபாய், 365 நாளும் நிரம்பினால் 19,71,000. அடுப்பு வாடகையைச் சேர்த்தால் தாண்டிவிடும்! நிரம்பினால்தானே என்று என் மகன் கேலி செய்கிறான்.

கடன் வந்ததும் ஏசி போடத்தான் கை துறுதுறுத்தது. போடவில்லை. வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சரிவு, மூன்று ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் பிடிகம்பி. இவை எந்த நாட்டு நோயாளிக்கும் வேண்டும். இப்போது ஜார்க்கண்ட், அசாம், திரிபுராக்காரர்கள்தான் அதிகம். சனி, ஞாயிறில் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலை முடித்து ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வரும் ஆந்திரக் குடும்பங்களுக்காகத் தெலுங்கிலும் ஒரு போர்டு வைத்தேன். சித்தூர் எல்லையில் விசா கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, பழைய பார்ட்டிகளின் வாட்ஸ்அப் எண்ணை அழிக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை நலம் விசாரியுங்கள், ரூம் விளம்பரம் வேண்டாம். 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங்குக்கே போனது. நம்மைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகவில்லை. குல்னாவிலிருந்து என்னை "தீதி" (அக்கா) என்று கூப்பிடும் பெரியவர், மகனுக்கும் சேர்த்து விசாவுக்குப் போட்டிருக்கிறேன் என்று போன வாரம் குரல் பதிவு அனுப்பினார். அவருக்குப் பிடித்தது நாலாம் நம்பர், படி ஏற வேண்டாம். அட்வான்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டார். விசா வரட்டும், அப்புறம் அனுப்புங்கள் என்றேன்.