வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையைப் பேச வைப்பது எப்படி?

சேலம் மாவட்டத்தில் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர், பாடத்தை முடிக்கும் அவசரத்தை முதல் சில வாரங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு, தம் வகுப்பில் பேசாத பிள்ளைகள் யார் யார் என்று கவனிப்பது நல்லது. எப்போதும் கை தூக்கும் ஐந்தாறு பேர் எந்த ஆசிரியரிடமும் படித்துவிடுவார்கள்.

பேசாமைக்குக் காரணம் பல வேளைகளில் வீட்டில் இருக்கும். சேலத்து நெசவுக் குடும்பங்கள் சிலவற்றில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் ஆகியவற்றுள் ஒன்றே வீட்டு மொழி. அங்கிருந்து வரும் சிறு பிள்ளைக்குப் பாடநூல் தமிழ் உடனே நாவில் வராது. வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை நடந்தால், உட்கார்ந்து எழுத ஒரு மூலைகூட இல்லாமல் போகலாம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பெற்றோர் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பிள்ளையின் தலையில் விழுவதுண்டு. ஆகவே, வருகைப் பதிவேட்டில் விடுப்புகள் எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் குவிகின்றன என்று பாருங்கள். காரணத்தை எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள்.

அடுத்து, கேள்வி கேட்கும் முறை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடியே பொறுக்கிறார்கள் என்றும், மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தால் விடைகள் நீள்வதோடு பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். கேட்க எளிது, அந்த மூன்று விநாடி வகுப்பில் மிக நீளமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வியும் பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நீராவி குளிர்ந்து நீராவதை மலைப் பள்ளியில் நடத்துகிறீர்கள் என்றால், வரையறையைக் கரும்பலகையில் எழுதும் முன், "களத்துல காயற காப்பிய சாயங்காலம் ஏன் குவிச்சு மூடறாங்க?" என்று கேளுங்கள். "பனி எறங்கும் சார்" என்று கடைசி வரிசையிலிருந்து விடை வரக்கூடும். அப்போது "இறங்கும்" என்று திருத்த வேண்டாம். பேச்சைத் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. "அந்த ஈரம் எங்கிருந்து வந்தது?" என்று மேலே கேட்டால் பாடம் தானாக நகரும்.

கேலியும் திட்டும் அறவே கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமன்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் அக்கறையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பகலில் வந்தால் ஒரு நாள் கூலி போகும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு மாலையில் நீங்களே போய், பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். குறைகளை அடுத்த சந்திப்பில் பேசிக்கொள்ளலாம்.