7, 11, 13-க்கு ஒரே சோதனை
கால்குலேட்டரில் அடங்காத பெரிய எண் 7, 11, 13-ஆல் வகுபடுமா என்று பார்க்க மூன்று தனி விதிகள் வேண்டாம், 7×11×13 = 1001 என்பது நினைவிருந்தால் போதும். எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து (நம் லட்சம், கோடி கமாவை இங்கே மறந்துவிடுங்கள், குழப்பமே அதில்தான்) மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள். வரும் விடை இந்த மூன்றில் எதனால் வகுபடுகிறதோ, அதனால் பெரிய எண்ணும் வகுபடும்; விடை 0 என்றால் மூன்றாலும் வகுபடும். 1 முதல் 20 வரை பெருக்கினால் வரும் 2432902008176640000-ஐப் பாருங்கள்: 000−640+176−008+902−432+2 = 0. ஆக மூன்று எண்களாலும் வகுபடும், எவ்வளவு அழகு!

அப்புறம் 4294967297, பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பியது: 297−967+294−4 = −380. இதை 7, 11, 13 எதுவும் மீதியின்றி வகுக்காது, எனவே அந்தப் பெரிய எண்ணையும் வகுக்காது. அதற்காகப் பகா எண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், 641 அதை வகுக்கும் என்று 1732-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் காட்டிவிட்டார்.